எண்ணெய்க் குழாய் போகும் ஊர்கள்

1

போர் நடந்த நாட்டிலிருந்து வந்தவனுக்குப் போரைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று இந்த நாட்டில் நினைக்கிறார்கள். ஆனால் தெரிந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் கேட்பதற்கு ஆளில்லை.

நான் ஜெர்மனியில் வந்திறங்கி இந்தப் பங்குனியோடு இருபது வருடம் முடிந்தது. மனைவி றீற்றா கேக் வாங்கி வைத்தாள். அடுத்த நாள் வேலைக்குப் போனால் என் பெட்டிக்குள் ஒரு கடிதம். ஈராக்கிலிருந்து இரண்டாவது குழு வருகிறதாம். எண்ணெய்க் குழாய் திருத்தும் பயிற்சியை முன்போலவே நான்தான் கொடுக்க வேண்டுமாம். முதற் குழுவின் பயிற்சி பெரும் வெற்றி என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்தபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, அது என்ன வெற்றி, யாருக்கு வெற்றி என்று முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் வெல்டர். ரூர் பகுதியில் ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறோம். தமிழ்க் கடைக்கும் தமிழ்ப் பூசைக்கும் கெல்சென்கிர்ச்சனுக்குப் போக வேண்டும். நான் வேலை செய்யும் தொழிற்சாலை பெரிய குழாய்களுக்கான பாகங்கள் செய்கிறது. குழாயில் ஓட்டையோ வெடிப்போ வந்தால், இரண்டு அரைவட்ட இரும்புத் துண்டுகளை அதன்மேல் கவிழ்த்து இறுக்கி, விளிம்பைச் சுற்றி வெல்டிங் செய்து அடைத்துவிடலாம். அதற்கு ஜெர்மனில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் நான் கவசம் என்று சொல்வேன்.

ஈராக்கில் சண்டை தொடங்கிய அடுத்த வருடம் இந்தக் கவசத்துக்குத் திடீரென்று மவுசு வந்தது. அந்த நாட்டின் வடக்கிலிருந்து துருக்கிப் பக்கம் போகும் எண்ணெய்க் குழாயை வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத் திருத்தினால் நாளைக்கு இன்னோர் இடத்தில் உடையும். எங்கள் தொழிற்சாலை கவசம் விற்பதற்கு ஒப்பந்தம் எழுதியது. அங்கே குழாய் திருத்துகிற மூன்று வெல்டர்களை வரவழைத்து ஆறு கிழமை பயிற்சி கொடுப்பதாகவும் ஒத்துக்கொண்டது.

பகுதித் தலைவர் வோல்டர்ஸ் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பிறந்தநாளுக்கு மறக்காமல் கை கொடுப்பார். என் பெயர் அந்தோனிப்பிள்ளை என்பதைத்தான் பதினான்கு வருடமாகியும் அவரால் சொல்ல முடியவில்லை.

"ஹெர் பிள்ளை, இதற்கு நீங்கள்தான் பொருத்தம். உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே."

"எது பழக்கம்?" என்று கேட்டேன்.

"இப்படியான நிலைமைகள்," என்றார். கையை ஜன்னல் பக்கமாக ஒருமுறை வீசிக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம்தான் இருந்தது.

என்னைவிட நல்ல வெல்டர்கள் நாலு பேர் எங்கள் பகுதியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

2

வீட்டில் இதைச் சொன்னபோது மகள் ஷாமினி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. ஈராக் சண்டை தொடங்கிய காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர்வலம் போன பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. எண்ணெய்க்காக இரத்தம் வேண்டாம் என்று எழுதிய தாள் அவள் அறைக் கதவில் நெடுநாள் ஒட்டியிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஷாமினி தமிழில் பேசினால் அவளுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். ஜெர்மனில் பேசினால் சண்டை. அன்றைக்கு ஜெர்மனில்தான் கேட்டாள்.

"அந்த எண்ணெய்க்காரருக்கா வேலை செய்யப் போறீங்கள்?"

"நான் குழாய் ஒட்டுறன் பிள்ளை. உள்ளுக்குள்ளால போற எண்ணெய் ஆருக்குப் போகுதெண்டு குழாய்க்குத் தெரியாது."

"குழாய்க்குத் தெரிய வேண்டாம். உங்களுக்குத் தெரிய வேணும்," என்றுவிட்டு எழுந்து போனாள்.

றீற்றா என்னைப் பார்த்தாள். "அவள் கேக்கிறதிலயும் ஒரு ஞாயம் இருக்கு," என்றாள். அந்த வீட்டில் என் பக்கம் பேச ஒருவருமில்லை.

3

வந்த மூவரில் மூத்தவர் ஹாஷிம். நாற்பதை நெருங்கும் வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததால் இங்கிலீஸ் பேசினார். மற்ற இருவருக்கும் அவர்தான் மொழிபெயர்ப்பாளர். இளையவன் யூசுப்புக்கு இருபத்துநாலு வயது. சிரிப்புக் காட்டுகிறவன். மூன்றாமவர் அதிகம் பேசமாட்டார். பயிற்சி முடிந்து ஊருக்குப் போனதும் தொழிலையே விட்டுவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

முதல் நாள் ஹாஷிமிடம் ஒரு துண்டுக் குழாயைக் கொடுத்து ஒட்டச் சொன்னேன். அவர் ஒட்டியதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த மனிதருக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. பக்கத்தில் எண்ணெய் எரிந்துகொண்டிருக்கும்போது, காற்றில், குழிக்குள் படுத்துக்கிடந்து ஒட்டிப் பழகியவர். அவருக்கு ஐரோப்பியச் சான்றிதழ் இல்லை என்பது மட்டும்தான் குறை. சான்றிதழ் இல்லாதவர் ஒட்டிய குழாய்க்குக் காப்புறுதி கொடுக்கமாட்டார்களாம். அந்தத் தாளுக்காக மூன்று பேர் இவ்வளவு தூரம் வந்து, ஒரு விடுதி அறையில் மூன்று கட்டில் போட்டுப் படுத்தார்கள்.

இரண்டாவது ஞாயிறு அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். துருக்கிக் கடையில் கோழி வாங்கி றீற்றா கறி வைத்தாள். ஷாமினி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்து, ஹாஷிமுக்கு எதிரே உட்கார்ந்து, சோறு போட்டு முடிவதற்குள் இங்கிலீசில் தொடங்கிவிட்டாள்.

"அந்தக் குழாயை யார் உடைக்கிறார்கள்?"

ஹாஷிம் அவளைச் சின்னப் பிள்ளை என்று தள்ளிவிடவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"சில நேரம் சண்டைக்காரர். சில நேரம் காவல் வேலை கேட்டுக் கிடைக்காதவர்கள். சில நேரம் காவல் வேலை கிடைத்தவர்களே உடைப்பார்கள். ஒன்றும் உடையாவிட்டால் காவல்காரன் எதற்கு என்று நிறுத்திவிடுவார்களே."

"அப்படியென்றால் நீங்கள் ஏன் திருத்துகிறீர்கள்? அந்த எண்ணெயால் உங்கள் ஊருக்கு என்ன கிடைக்கிறது?"

"ஒன்றும் கிடைப்பதில்லை. எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோம். குழாய் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் போகிறது." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆனால் உடைந்தால் எண்ணெய் வயலுக்குள் வரும். என் தம்பியின் கோதுமை வயல். தீப்பிடித்தால் மூன்று நாள் எரியும். வாய்க்கால் தண்ணீரை ஆடுகூடக் குடிக்காது. நான் அடைக்கப் போவது அதைத்தான்."

ஷாமினி ஒத்துக்கொண்டாள் என்று நான் சொல்லமாட்டேன். கோழிக்கறிச் சட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"பயமில்லையா?" என்று றீற்றா தமிழில் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"வெடி வைக்கிறவனைக் கண்டு எனக்கு அவ்வளவு பயமில்லை," என்றார் ஹாஷிம். "அவனுக்குக் குழாய்தான் வேண்டும், நான் வேண்டாம். எங்களைப் பாதுகாக்க என்று ஆயுத வண்டிகள் கூட வரும் பாருங்கள், அதற்குத்தான் பயம். அந்த வண்டிகளைத்தான் எல்லாரும் அடிக்கக் காத்திருக்கிறார்கள். நாங்கள் அதற்கு நடுவில்."

றீற்றாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் அந்த மேசையில் வைத்துச் சொல்லத் தொடங்கினேன்.

4

ஊரில் நான் மின்சாரப் பகுதியில் லைன் திருத்தும் கூட்டத்தில் வேலை செய்தேன். தெற்கிலிருந்து மன்னார்ப் பக்கம் வந்த பெரிய லைன் அது. எண்பதுகளின் நடுவில் அந்தக் கோபுரங்களின் காலில் வெடி வைத்துச் சாய்க்கத் தொடங்கினார்கள். சாய்ந்தால் நாங்கள் போய் நிமிர்த்த வேண்டும். ஆறு பேர், ஒரு லொறி. எங்களுக்குத் தலைவர் ராசநாயகம் அண்ணை.

அவருக்கு ஒரு முறை இருந்தது. சாய்ந்த கோபுரத்துக்கு நேரே போகமாட்டார். பக்கத்து ஊருக்குள் லொறியை விட்டு, யார் வீட்டிலாவது தேத்தண்ணி கேட்பார். குடித்துக்கொண்டே விசாரிப்பார்.

"பிள்ளையள், உந்தப் பக்கம் நடமாட்டம் ஏதும் இருந்ததோ?"

யாராவது ஒருவர் சொல்வார். "அண்ணை, பனங்கூடலுக்கால போகாதேங்கோ. குளக்கட்டால சுத்திப் போங்கோ." குளக்கட்டால் போவோம். திரும்பி வரும்போது அந்த ஊரின் தண்ணீர்ப் பம்பையோ கோயில் மணிக்கூண்டு விளக்கையோ பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டு வருவார். அவ்வளவுதான் பாதுகாப்பு. ஒன்றரை வருடம் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

அந்த ஊர்களில் ஒன்றுக்குக்கூட மின்சாரம் கிடையாது. ஒரு அக்கா முற்றத்தில் நின்று மேலே பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது. "எங்கட தலைக்கு மேலாலதான் போகுது. எங்களுக்குக் குப்பி விளக்கு. அது அறுந்தாலென்ன, அறாட்டியென்ன தம்பி." அப்படிச் சொன்னவதான் கண்ணிவெடி எங்கே இருக்கிறது என்றும் சொன்னா.

பிறகு ஒரு அதிகாரி உத்தரவு போட்டார். இனிமேல் இராணுவக் காவல் இல்லாமல் திருத்த வேலைக்குப் போகக் கூடாது. முன்னால் இரண்டு வண்டி, பின்னால் ஒரு வண்டி, நடுவில் எங்கள் லொறி. அந்த வண்டிகளோடு நாங்கள் ஊருக்குள் போனபோது கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. தேத்தண்ணி தர ஒருவரும் வெளியே வரவில்லை. ராசநாயகம் அண்ணை அந்த அதிகாரியிடம் போய், எங்களைத் தனிய விடுங்கோ ஐயா, நாங்கள் பாத்துக்கொள்ளுறம் என்று கெஞ்சினார். உங்கள் நன்மைக்குத்தான் என்று பதில் வந்தது.

அப்படிப் போன இரண்டாவது தடவை பனங்கூடல் பாதையில் எங்கள் லொறிக்குக் கீழே வெடித்தது. அண்ணை முன்னால் இருந்தார். நான் பின்னால் கம்பிச் சுருளின் மேல் இருந்ததால் தூக்கி எறியப்பட்டேன். அவரை வீதியோரம் கிடத்தி நான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். கட்டி ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே முடிந்துபோனார். ஐந்து மாதம் கழித்து நான் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்துவிட்டேன்.

இதைச் சொல்லத் தொடங்கியபோது ஷாமினி என் இங்கிலீசைத் திருத்திக்கொண்டிருந்தாள். "அப்படியில்லை அப்பா, இறந்தகாலத்தில் சொல்லுங்கோ," என்றுகூட ஒரு தடவை சொன்னாள். பாதியில் திருத்துவதை நிறுத்திவிட்டாள். முடிந்ததும் ஹாஷிம் மற்ற இருவருக்கும் அரபில் சொன்னார். யூசுப் சோற்றுக் கோப்பையில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

5

இனி அலுவலகக் கதை. இது இல்லாமல் ஜெர்மனி பற்றி எழுதினால் நம்பமாட்டீர்கள்.

சான்றிதழ்ப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை என்று போட்டிருந்தார்கள். அந்த மூவரின் விசா அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை முடிகிறது. ஆறு கிழமையை எண்ணிய எங்கள் ஆள்சேர்ப்புப் பகுதி, நடுவில் ஒரு பண்டிகை விடுமுறை வருவதை மறந்துவிட்டது. மூன்று நாள் நீட்டித்தால் போதும். நான் ஹாஷிமை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். ஷாமினியும் தானாகவே வந்தாள். வேடிக்கை பார்க்கவா உதவவா என்று நான் கேட்கவில்லை.

இலக்கம் எடுத்து இரண்டு மணி நேரம் இருந்தோம். உள்ளே போனதும் மேசையில் இருந்த அலுவலர் அம்மா என்னைப் பார்த்து, "உங்கள் கடவுச்சீட்டு," என்றார். நான் விண்ணப்பக்காரன் இல்லை, ஜெர்மன் குடியுரிமை உள்ளவன் என்றேன். "அப்படியென்றால் இங்கே ஏன் வந்தீர்கள்?" என்றார். ஹாஷிமைக் காட்டினேன்.

விசா நீட்டிக்க அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுத வேண்டும். அன்ட்ராக் கொடுக்கத் தெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுக்க வேண்டும். முதல் தெர்மின் மூன்று கிழமை கழித்துத்தான் கிடைக்கும்.

"அதற்குள் இவர் நாட்டை விட்டுப் போக வேண்டுமே," என்றாள் ஷாமினி.

"ஆம். போகாவிட்டால் சட்டவிரோதம்."

"போய்விட்டால் தெர்மினுக்கு எப்படி வருவார்?"

"அதற்கு விசா எடுக்க வேண்டும்."

ஷாமினி பத்து நிமிடம் வாதாடினாள். அந்த வேகத்தில் நான் இருபது வருடத்தில் ஒரு தடவைகூட ஜெர்மன் பேசியதில்லை. ஒன்றும் நடக்கவில்லை. எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. கடைசியில் அந்த அம்மாவே, "பரீட்சையை முன்னுக்கு எடுக்க முடியாதா?" என்று கேட்டார். அந்த அலுவலகத்தில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே புத்தியான பேச்சு அதுதான். ஷாமினி வெளியே வந்து, கைத்தொலைபேசியில் பரீட்சகரைத் தேடிப் பிடித்துப் பேசி, வியாழக்கிழமைக்கு வரச் சம்மதிக்க வைத்தாள். மூவரும் சித்தியடைந்தார்கள். எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அதே கிழமையில் ஒரு கூட்டம். வாங்குகிறவர்களின் சார்பில் ஒரு பாதுகாப்பு ஆலோசகர் வந்திருந்தார். பழைய இராணுவக்காரர். குழாயை எப்படிப் பாதுகாப்பது என்று சுவரில் படம் போட்டுக் காட்டினார். கவசத்தின்மேல் கொங்கிறீட், காவற் கோபுரம், ஆளில்லாத சிறு விமானம், திருத்தப் போகிறவர்களுக்கு முன்னும் பின்னும் ஆயுத வண்டி. படத்தில் குழாய் சிவப்புக் கோடாகப் போனது. கோட்டின் இரு பக்கமும் வெள்ளை. ஒரு ஊரின் பெயர்கூட இல்லை. பயிற்சி பெற்றவர்கள் தயாரா என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் தயார் என்று சொல்லிவிட்டு நான் உட்காரவில்லை.

"அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஊர்கள் இருக்கின்றன. காவல் வேலையை அந்த ஊர்க்காரரிடமே கொடுங்கள், எல்லா ஊருக்கும் பிரித்துக் கொடுங்கள். அவர்களுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கச் செய்யுங்கள். திருத்தப் போகிறவர்களை ஆயுத வண்டியோடு அனுப்பாதீர்கள்," என்றேன்.

சொல்ல நினைத்தது அதுதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் காலை வாரிவிடும். காவலுக்கு பெவாஹுங் என்பார்கள். நீர்ப்பாசனத்துக்கு பெவேசருங். நான் முழு நேரமும் நீர்ப்பாசனம், நீர்ப்பாசனம் என்றே சொல்லியிருக்கிறேன். யாரோ சிரித்தார்கள். வோல்டர்ஸ் மெதுவாகத் திருத்தினார். ஆலோசகர் நான் சொன்னதைப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். "சுவாரசியமான கருத்து. ஆனால் ஊர்கள் எங்கள் ஒப்பந்தத்துக்குள் வரவில்லை," என்றார்.

இரண்டு நாளில் கூட்டக் குறிப்பு வந்தது. ஹெர் பிள்ளை தன் சொந்த நாட்டு அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டார். அவ்வளவுதான் இருந்தது.

6

ஊருக்குத் திரும்பிய ஹாஷிம் மாதம் ஒரு தடவை பேசுவார். தொலைபேசி அட்டை முடியும்வரை பேசுவோம். எங்கள் வீட்டு மேசையில் கேட்ட கதை அவருக்கு மறக்கவில்லை. தன் பகுதியில் குழாய் போகும் ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போனாராம். வெல்டிங் மெசினை ஒரு பழைய பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு, யூசுப்பையும் கூட்டிக்கொண்டு. வயலுக்கு இறைக்கும் பம்புகளின் குழாய்களை ஒட்டிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடக் கதவுக்குக் கொண்டி போட்டார்கள். பிறகு குழாய் உடைந்தால் அந்த ஊர்க்காரரே ஆள் அனுப்பி, எந்தப் பாதையால் வரலாம் என்று சொன்னார்கள். சில மாதங்களில் அவர் பகுதியில் உடைப்பதே குறைந்துபோனது.

அந்த வருட முடிவில் எங்கள் தொழிற்சாலை ஒரு விளம்பரப் புத்தகம் அடித்தது. எங்கள் கவசம் பொருத்தப்பட்ட பகுதியில் தாக்குதல்கள் குறைந்துள்ளன என்று, நான் இருக்கும் படத்தோடு. ஷாமினி அதை வாசித்துவிட்டு, "கவசத்தைக் கண்டு பயந்திட்டாங்களாமா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

கவசம் வெடி வைத்த பிறகு போடுவது. வெடி வைக்க வருகிறவனை அது எப்படித் தடுக்கும்? வோல்டர்ஸிடம் போய்ச் சொன்னேன். புத்தகம் அச்சாகிவிட்டது என்றார்.

பிறகு காப்புறுதிக்காரரின் கடிதம் ஒன்று ஹாஷிமுக்குப் போனது. ஐரோப்பியச் சான்றிதழ் பெற்ற வெல்டர்கள் காப்புறுதிக்குள் வருகிறார்கள். காப்புறுதிக்குள் வருகிறவர்கள் ஆயுதக் காவல் இல்லாமல் வேலைக்குப் போகக் கூடாது. சான்றிதழ் இல்லாதவன் தன் பிக்கப்பில் எங்கேயும் போகலாம், அவனைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. நானும் என் மகளும் ஓடித்திரிந்து வாங்கிக் கொடுத்த தாள் அப்படித்தான் அவரைக் கொண்டுபோய் அந்த வண்டிகளுக்கு நடுவில் விட்டது.

ஹாஷிம் மறுத்துப் பார்த்தார். வேலை போய்விடும் என்றார்கள். அவர் தொலைபேசியில் சொன்னபோது, போகாதேங்கோ என்று நான் சொல்லவில்லை. வேறு வேலை அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது பயணத்தில் அடித்தார்கள். வண்டியோட்டியும் யூசுப்பும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். ஹாஷிமுக்கு வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஒப்பந்தப்படி குழாய் இரண்டு நாளில் திருத்தப்பட்டது என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை வைத்துத்தான் பெரும் வெற்றி என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். யூசுப்பின் பெயர் அந்த அறிக்கையில் இருந்தது. எழுத்துப் பிழையோடு.

7

இரண்டாவது குழுவுக்குப் பயிற்சி கொடுக்கமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். றீற்றா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் மாட்டனெண்டா வேற ஆரும் செய்வினம். அவை வெல்டிங் மட்டும் சொல்லிக் குடுத்து அனுப்புவினம்," என்றாள்.

"நான் மட்டும் என்னத்தைச் சொல்லிக் குடுக்க? நான் சொன்னதை ஆர் கேட்டது?"

"ஹாஷிம் கேட்டவர்தானே."

"கேட்டு என்ன நடந்தது?"

"கேட்டதால அந்தாளுக்குக் கை போகேல்லை. காப்புறுதிக்காரன்ர கடிதத்தால போனது. நீங்கள் ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ."

ஷாமினி இப்போது டிரெஸ்டனில் படிக்கிறாள். தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். பரீட்சகருக்குப் போன் எடுத்தது அவள்தான் என்பதை அவள் மறக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. "ஹாஷிமையே கேளுங்கோவன் அப்பா," என்றாள்.

கேட்டேன். அவர் வீட்டில்தான் இருந்தார். இடக்கையால் எழுதப் பழகுவதாகச் சொன்னார். புதிதாக வருகிற நாலு பேரையும் அவருக்குத் தெரியாது, வேறு பகுதி ஆட்கள். ஆனால் திரும்பிப் போனதும் அவருடைய பகுதிக்குத்தான் அவர்களை அனுப்பப் போகிறார்களாம்.

"ஆயுத வண்டி வராமல் செய்ய அவர்களால் ஏலாது," என்றேன்.

"ஏலாது. ஆனால் வண்டி புறப்படுவதற்கு முதல்நாள் ஒருவன் தனியாகப் போய்த் தேநீர் குடிக்கலாமே," என்றார். "யாரிடம் குடிப்பது என்று தெரிந்தால் போதும். எழுதுங்கள்."

ஊர் ஊராகச் சொன்னார். எனக்கு அரபு எழுதத் தெரியாது. காதில் விழுந்தபடி தமிழில் எழுதினேன். பாலத்துக்குப் பக்கத்து ஊரில் ஹாஜி மஹ்மூத், அவருடைய பம்ப் அடிக்கடி உடையும். அடுத்த ஊரில் ரொட்டி சுடுகிற உம் ரஷீத், எந்த வீட்டில் எந்த விருந்தாளி வந்தாலும் அவவுக்குத் தெரியும், அவவின் அடுப்புக் கதவைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அப்படிப் பதினொரு ஊர். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை சொல்லவைத்து எழுதிக்கொண்டேன். முடித்த பிறகு நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அந்தச் சான்றிதழ் விஷயம். "கடைசி ஊரை எழுதினீர்களா?" என்று குறுக்கே கேட்டார். எழுதினேன் என்றேன். தொலைபேசி அட்டை முடிந்துவிட்டது.

புதியவர்கள் போன திங்கட்கிழமை வந்தார்கள். நாலு பேரையும் மேசையைச் சுற்றி இருத்தினேன். வெல்டிங் மெசினைப் போடவில்லை. அவர்களில் இங்கிலீஸ் தெரிந்த ஒருவரிடம், ஹாஷிம் யார், அவர் என்ன செய்தார், அவருக்கும் யூசுப்புக்கும் என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். பிறகு என் தாளை எடுத்துப் பெயர்களை வாசித்தேன். என் வாயில் அந்தப் பெயர்கள் என்ன பாடுபட்டனவோ, முதற் பெயருக்கே நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் திருத்திச் சொன்னார். நான் திரும்பச் சொன்னேன். அவர்கள் அரபில் எழுதிக்கொண்டார்கள்.

நாலாவது ஊரில் மூத்தவர் கையைத் தூக்கினார். அது தன் மனைவியின் ஊர், அந்த மனிதர் மாரியில் இறந்துவிட்டார், இப்போது அவருடைய மகனிடம்தான் பேச வேண்டும் என்றார். மகனின் பெயரைச் சொன்னார். நான் பழைய பெயரை வெட்டிப் புதியதைத் தமிழில் எழுதினேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு வோல்டர்ஸ் வந்தார். மெசின் அணைந்திருப்பதையும் எல்லாரும் எழுதிக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"ஹெர் பிள்ளை, இது பயிற்சித் திட்டத்தில் இருக்கிறதா?"

"இருக்கிறது. முதல் பாடம்," என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். அந்த அறிக்கை வந்த பிறகு, யூசுப்பின் பெயரைச் சரியாக எப்படி எழுதுவது என்று ஒரு தடவை என்னிடம் கேட்டு வந்தவர் அவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டார்.

"பதினொரு ஊர் இருக்கிறது," என்றேன். "இப்போதுதான் நாலாவதில் நிற்கிறோம்."